குளிரை உள்ளே விட்டவள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சுவரின் மூக்கைச் சுத்தம் செய்தது.

மூக்கு என்பது அவள் வைத்த பெயர். எங்கள் ஊரான கெலோசால்மியின் நகராட்சிக் கட்டடத்தின் வடக்குச் சுவரில், இடுப்பு உயரத்தில் ஒரு சதுரத் துளை, அதன் மேல் கம்பி வலை. நிலவறையில் இருக்கும் கணினி சர்வர் அறைக்கு வெளிக்காற்று அதன் வழியாகத்தான் போகும். மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். முந்தைய நாள் காற்றில் பறந்த பொடிப்பனி, அரிசி மாவு சல்லடையில் அடைத்துக்கொள்வதுபோல வலையை அடைத்திருந்தது. நான் வலையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டேன். சவுனா என்னும் நீராவிக் குளியலில் உடம்பில் அடித்துக்கொள்வதற்காக முந்தைய கோடையில் கட்டிவைத்த பிர்ச் மர இலைக்கொத்தால் அம்மா அதை அடித்தாள். இலையும் பனியும் சேர்ந்து என் முகத்தில் தெறித்தன.

"கண்ண மூடிக்க மாட்டியா? என்ஜினீயருக்குப் படிச்சவதானே?"

"பிரஷ் எங்கம்மா?"

"பிரஷ்ல அடிச்சா பனி மட்டும் போகும். இதுல அடிச்சா பனியும் போகும், உனக்குக் குளிச்ச மாதிரியும் இருக்கும்."

வலையை மாட்டினோம். ஒரு திருகாணி பனியில் விழுந்து தொலைந்தது. அம்மா கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் துளைக்கு எதிரே காட்டினாள். துளை காற்றை உள்ளே இழுத்தது. "மூச்சு வருது," என்றாள். வீட்டுக்குப் போய் மீன் சூப் குடித்தோம். நான் ஊலு நகரத்துக்குத் திரும்பினேன். அங்கே எனக்குத் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலை.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை, காபி போட்டுவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இதயம் நின்றுவிட்டது. காபி இயந்திரம் தன் நேரம் முடிந்ததும் தானாக அணைந்திருந்தது. குடுவை நிறைய காபி இருந்தது.

அவள் பெயர் ஹில்க்கா. தொழில், குளிர்சாதனப் பழுது. கடைகளின் ஐஸ்க்ரீம் பெட்டியில் தொடங்கி, பால் பண்ணைக்குப் போய், கடைசியில் நகராட்சியின் சர்வர் அறைக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் ஊரில் இந்தத் தொழில் செய்பவரிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கடையில், தேவாலய வாசலில். பல் மருத்துவர் அவள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"குளிர்காலத்துல உனக்கு என்ன வேலை ஹில்க்கா?"

"குளிர்காலத்துலதான் வேலை. கோடையில மெஷின் வேலை செய்யும், நான் தூங்குவேன்."

அது உண்மையும்கூட. வெளியே என்ன மாதம் என்று சர்வர்களுக்குத் தெரியாது. எப்போதும் ஒரே மாதிரி சூடாகும். கோடையில் வழக்கமான குளிரூட்டி போதும். கடுங்குளிரில் அது கிளம்பாது. சுவருக்கு வெளியே நிற்கும் அதன் பாதியில் எண்ணெய் கெட்டித் தேனாகிவிடும். ஆகவே அம்மா அதைத் தூங்க வைத்துவிட்டு மூக்கைத் திறப்பாள். பனிக்காற்றை அப்படியே விட்டாலும் இயந்திரங்களுக்கு ஆகாது. அறையின் சூடான காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி அதோடு கலப்பாள், குழந்தைக்கு வெந்நீர் விளாவுவதுபோல. மிஞ்சும் சூடு ஒரு குழாய் வழியாக வெளியே போய்விடும்.

எங்கே போகும் என்பதில்தான் அவள் வேலையைக் காட்டினாள்.

கட்டட வரைபடத்தில் 'வெளியேற்றம்: ஏரிப் பக்கம்' என்று இருக்கிறது. ஏரிப் பக்கம்தான் போனது. சுவருக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பழைய படகுக் கொட்டகை இருப்பதை வரைபடமும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. எங்கள் பனித்துளை நீச்சல் சங்கத்தினர் உடைமாற்றும் இடம் அது. சங்கத் தலைவி ஹில்க்கா. ஏரிப் பனியில் வெட்டிய துளைக்குள் இறங்கி ஏறி, நீலம் பாரித்த காலோடு ஓடிவரும் பெண்கள், நகராட்சியின் சர்வர்கள் விட்ட மூச்சில் குளிர்காய்ந்தார்கள். ஊருக்கே தெரியும். நகராட்சி மேலாளரான சிர்க்கு என்ற பெண்மணிக்கு மட்டும் தெரியாது. அவரும் வாரம் தவறாமல் அங்கேதான் குளிக்க வந்தார். தெரியாமல் இருப்பதும் மேலாளர் வேலையில் சேர்ந்ததுதான்.

அப்பா இறந்த குளிர்காலத்தில் அம்மா அந்தப் பனித்துளையில் இறங்க ஆரம்பித்தாள். "ஊர்ல நான் வாய் விட்டுக் கத்தினா யாரும் டாக்டரைக் கூப்பிடாத இடம் அது ஒண்ணுதான்," என்பாள். அதனால் போன இலையுதிர்காலத்தில் சிர்க்கு அவளைக் கூப்பிட்டுச் சொன்ன செய்தி வேலையைவிடப் பெரியதாக இருந்தது. தெற்கே ஒரு பெரிய நிறுவனம் சர்வர்களைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. நகராட்சி மன்ற உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அதில் ஆசை.

"இந்தக் குளிர்காலத்துல உன் குளிரூட்டலால அறை ஒரு தடவை நின்னாலும் போதும், ஹில்க்கா. ஜூன் கூட்டத்துல தூக்கித் தெற்க அனுப்பிடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அறை போனா கொட்டகை ஆறிடும். கொட்டகை ஆறினா சங்கம் ஆறிடும். அப்புறம் நான் வீட்டுக்குள்ள கத்தணும்."

இனி கலெர்வோ. நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். அம்மாவோடு ஒரே பள்ளியில் படித்தவர். நல்ல மனிதர். குளிர்காற்று நுழையும் இடுக்கைக் கண்டால் மட்டும் அவரால் சும்மா இருக்க முடியாது. இந்த வியாதி எங்கள் ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. முதல் உறைபனி விழுவதற்குள் ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு திணித்து, மேலே காகிதப் பட்டை ஒட்டாவிட்டால் மனிதர்களாகவே மதிக்கமாட்டோம். கலெர்வோவுக்கு அது முற்றிவிட்டது. ஒரு சுவர், அதில் ஒரு துளை, அதன் வழியாகப் பனிக்காற்று போகிறது, அதை ஒருத்தி வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறாள். அவர் அறிவு ஒப்புக்கொண்டது. கை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வோர் ஆண்டும் துளைக்குள் எதையாவது திணித்துவிடுவார்: கந்தல், கம்பளித் துண்டு, மரத்தூள் மூட்டை.

"யோவ் கலெர்வோ! மறுபடியும் என் மூக்குல என்னத்தய்யா திணிச்ச?"

"காத்து வருது ஹில்க்கா."

"வரணும்."

"கீழ தண்ணிக் குழாய் ஓடுது. உறைஞ்சு வெடிச்சா நீயா வந்து துடைப்ப?"

"குழாய்க்குக் கம்பளி சுத்து. என் சுவருக்கு எதுக்குச் சுத்தற?"

"உன் வீட்டுல நீ ஜன்னல் ஒட்டறதில்லையா?"

"என் வீட்டுல என்ன சர்வரா ஓடுது? நான் ஒருத்திதான் அங்க சூடு."

துளைக்கு மேலே அம்மா ஒரு பலகை மாட்டினாள்: 'இந்தத் துளை வேண்டுமென்றே திறந்திருக்கிறது.' மறுநாள் அதன் கீழே கலெர்வோவின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்தது: 'ஹில்க்காவின் வாயைப் போல.' அவள் அதை அழிக்கவில்லை. வார்னிஷ் அடித்துப் பத்திரப்படுத்தினாள்.

ஜனவரியில் காற்று எலும்புவரை காய்ந்திருக்கும். அப்போது அவள் கம்பளிக் காலுறையோடு நகராட்சியின் தரைவிரிப்பில் தேய்த்துத் தேய்த்து நடந்துபோய், காபி குடித்துக்கொண்டிருக்கும் கலெர்வோவின் காது மடலை விரலால் தொடுவாள். சட்டென்று பொறி பறக்கும். "பாத்தியா, காத்துல ஈரம் பத்தல. சர்வருக்கும் இப்படித்தான் ஆகும். சோதனை பண்ணேன்," என்பாள். கலெர்வோ காதைப் பிடித்துக்கொண்டு, "சர்வர்கிட்டயே சோதனை பண்ண வேண்டியதுதானே?" என்பார். "அது பாவம்யா. வாயில்லாதது."

ஓர் ஆண்டு அவர் திணித்தது தன் பழைய ராணுவக் கோட்டு. கழுத்துப் பட்டையின் உள்ளே அழியாத மையில் அவர் பெயர். மடித்து வைத்தால் துளைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அம்மா அதைக் கைப்பற்றினாள். டிசம்பர் விருந்துக்கு அதையே போட்டுக்கொண்டு போய், கலெர்வோவை ஆடக் கூப்பிட்டு, ஆட்டத்தின் நடுவே அவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். உள்ளே பனி.

"உன் கோட்டு, உன் குளிர். ரெண்டையும் நீயே வெச்சுக்க."

ஆனால் கோட்டைத் திருப்பித் தரவில்லை. கொட்டகையில் ஆணியில் தொங்கவிட்டாள்.

அறையின் வெப்ப வரைபடம் ஊலுவில் என் திரையிலும் ஓடும். அதன் கட்டுப்பாட்டு நிரலை எழுதிக்கொடுத்தது நான். போன டிசம்பரில் அதில் ஒரு விசித்திரம் தெரிந்தது. புதன், ஞாயிறு மாலைகளில் மட்டும் கோடு திமில்போல் எழுந்து, பிறகு படுத்தது. சங்கத்தின் குளியல் நாட்கள் அவை.

"அம்மா, புதன்கிழமையானா அறைக்குக் காய்ச்சல் அடிக்குது."

"சளிக் காலம்டி. யாருக்குத்தான் அடிக்கல."

"ஞாயித்துக்கிழமையும் அடிக்குது."

"தொத்திக்கிச்சு போல."

"வலைய எதால மூடற?"

தொலைபேசியில் ஒரு முறை இருமிக் காட்டினாள்.

"வாழைப்பழ அட்டைப்பெட்டி. பாதிதான். ஒரு மணி நேரம்தான். பாதி மூடினா கொட்டகைக்குச் சுடச்சுட வருது. பொம்பளைங்களுக்குக் கால் விறைக்குது மெர்வி. சர்வருக்குக் கால் இருக்கா?"

இது விளையாட்டில்லை என்றேன். விளையாட்டு இல்லைதான், சங்கத்தின் அதிகாரபூர்வக் கொள்கை என்றாள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிறு, பக்கத்து ஊர்ச் சங்கம் விருந்தாளியாக வந்தது. நானும் வந்திருந்தேன். வெளியே முப்பத்து நான்கு. ஜனவரியில் எங்கள் ஊரில் முப்பத்து நான்கு என்றால் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்குதான். யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கொட்டகை என்றுமில்லாத கதகதப்பு. குழாயிலிருந்து வந்த காற்று குறைவு, ஆனால் சுட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

அன்று காலை காற்று அட்டைப்பெட்டியை அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆணியில் கோட்டு தொங்கியது. அதையே மடித்துத் துளையில் வைத்திருக்கிறாள்; அளவு சரியாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் விருந்தாளிகளின் தலைவி பனித்துளைக்குள் நின்றபடியே பாட்டுப் பாட, எங்கள் தலைவி சும்மா இருக்க முடியுமா? அவளும் இறங்கிப் பாடினாள். அதற்கு அவர்கள் பதில் பாடினார்கள். கோட்டு மறந்துபோயிற்று.

சிர்க்கு நீச்சலுடையும் கம்பளித் தொப்பியுமாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கலெர்வோ மூலையில் துண்டுகளுக்குக் காவல். எல்லா ஞாயிறும் வருவார். ஒருநாளும் தண்ணீரில் இறங்கியதில்லை. துண்டு திருடுபோகும் என்பார்.

"தெற்க பெரிய ஓட்டல்லகூட இப்படி ஒரு கதகதப்பு கிடைக்காது ஹில்க்கா!" என்றார் சிர்க்கு.

அவர் கைபேசி ஒலித்தது.

"சொல்லுங்க. நாப்பத்தஞ்சா? என்ன இவ்வளவு இறங்கிடுச்சு? இங்க முப்பத்து நாலுதானே... என்னது, உள்ளயா?"

நகராட்சியின் தொலைபேசி, பள்ளிக் கதவுகள், பனி வாரும் வண்டிகளின் வேலைத்திட்டம், எல்லாம் நின்றிருந்தன. சிர்க்கு நீச்சலுடைக்கு மேல் குளியல் அங்கியும் கம்பளி பூட்ஸுமாக ஓடினார். நாங்கள் எல்லோரும் ஓடினோம். எங்களில் உலர்ந்திருந்தவர் கலெர்வோ ஒருவர்தான். முதலில் போய்ச் சேர்ந்தார். குனிந்து, துளைக்குள் கைவிட்டு, இழுத்தார். விறைத்த கோட்டு பலகைபோல வந்தது. கழுத்துப் பட்டை மேலே. அதில் பெயர்.

எல்லோரும் படித்தோம்.

அம்மாவின் ஈர முடி அதற்குள் முள்முள்ளாக உறைந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் அடைச்சேன்," என்றார் கலெர்வோ. "காத்து வந்துச்சு."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆச்சரியம்கூட வரவில்லை.

"கலெர்வோ!" சிர்க்குவுக்குப் பல் தந்தியடித்தது. "எத்தனை வருஷமா சொல்றோம்?"

"தலைக்கு ஏறுது. கைக்கு இறங்கல."

அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். நானும்தான். விருந்தாளிகள் போன பிறகு கொட்டகையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். அறை ஆறிக்கொண்டிருந்தது, நான் சர்வர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்பிவிட்டு வந்திருந்தேன்.

"எதுக்குய்யா அப்படிச் சொன்ன?"

"நீ பண்ணேன்னா அது குளிரூட்டல் கோளாறு. ஜூன்ல தெற்க போயிடும். நான் பண்ணேன்னா அது வெறும் கலெர்வோ. கலெர்வோவுக்காக யாரும் கூட்டம் போட்டு ஓட்டெடுக்க மாட்டாங்க."

"உனக்கென்ன வந்துச்சு? நீதான் தண்ணியிலயே இறங்க மாட்டியே."

"துண்ட யார் பாத்துக்கறது?" என்றார் கலெர்வோ.

தண்டனை வந்தது. நிலவறைச் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வளையத்தில் இருந்த சாவி. அதோடு ஒரு நாள் பயிற்சிக்கு ஊலுவுக்கு அனுப்பினார்கள்: 'குளிர்காலத்தில் சர்வர் அறைகளைக் குளிர்வித்தல்.' போனார். முன்வரிசையில் உட்கார்ந்தார். சான்றிதழோடு திரும்பினார். அதன் பிறகு அம்மாவுக்கு நிம்மதி போயிற்று.

"மூக்குன்னு சொல்லக் கூடாது ஹில்க்கா. உள்ளெடுப்புத் திறப்பு."

"உன் மூக்க உடைப்பேன்யா."

"கலவை விகிதம் என்ன வெச்சிருக்க? குத்துமதிப்பா? பயிற்சியில குத்துமதிப்புன்னு ஒரு பாடமே இல்ல."

"மெர்வி, இவன் சான்றிதழ எங்கடி மாட்டியிருக்கான்?"

"கழிப்பறைல. உட்காந்தா கண்ணுக்கு நேரா இருக்கு," என்றார் கலெர்வோ பெருமையாக.

ஆனால் நிலவறைக்குப் போகவேண்டிய நேரங்களில், யாராவது வந்து திறந்துவிடும்வரை அவர் கதவருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை அம்மா பார்த்தாள். அதைப் பற்றி மட்டும் அவள் கிண்டல் செய்யவில்லை.

"ஜூன் கூட்டம் முடியட்டும்," என்றாள் அவரிடம். "ஓட்டு நம்ம பக்கம் விழுந்தா அடுத்து அலுவலகம் திறக்கிற அன்னிக்கே சிர்க்குகிட்ட நானே போய்ச் சொல்றேன். உன் சாவியையும் வாங்கித் தரேன்."

"நானும் வரட்டா? அவங்க மூஞ்சியப் பாக்கணும்."

"வேணாம். நீ வந்தா என்னைக் காப்பாத்தறேன்னு மறுபடியும் ஏதாவது உளறுவ."

அந்த ஜூன் வரும் முன்பே, மார்ச்சில் அவள் இறந்தாள். அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போது, கலெர்வோ பாதிரியாரை ஓரமாக நிறுத்தி, தேவாலயத்தின் காற்றோட்டத்தில் உள்ள பிழைகளை விளக்கிக்கொண்டிருந்தார். பாதிரியார் பொறுமையாகத் தலையாட்டினார். நான் போய் இருவருக்கும் காபி ஊற்றினேன்.

அறையை இப்போது ஊலுவிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். சுவரின் வெளிப்பக்கத்துக்குச் சாவி தேவையில்லை என்பதால் மூக்கைக் கலெர்வோ பார்த்துக்கொண்டார். பனி உருகும்வரை தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"மெர்வி, திறப்புல ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"கை எப்படி இருக்கு?"

"பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருக்கேன்."

ஜூன் கூட்டத்தன்று மாலை கூப்பிட்டார். "இருக்குது," என்றார். "எது?" என்றேன். "அறை. தெற்க போகல. ரெண்டு ஓட்டுல தப்பிச்சுது." பிறகு மூக்கை உறிஞ்சினார். ஒவ்வாமை என்றார், பிர்ச் பூக்கிற காலம்.

எனக்கு விடுமுறை கிடைத்தது ஜூலையில். அம்மா சொல்லாமல் விட்டதைச் சிர்க்குவிடம் சொல்லக் கெலோசால்மிக்குப் போனேன். நகராட்சிக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: கோடை விடுமுறை, ஆகஸ்டில் திறக்கப்படும். எங்கள் நாட்டில் ஜூலை மாதம் பிரசவம் பார்க்கவும் தீயணைக்கவும் மட்டும்தான் ஆள் இருக்கும். நான் அதை மறந்துபோயிருந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் போய் நின்றேன்.

கலெர்வோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சிர்க்கு தீவுல, கோடை வீட்டுல இருக்காங்க," என்றார். "படகு இருக்கு. அரை மணி நேரம் துடுப்புப் போட்டா போயிடலாம்."

"போலாமா?"

அவர் ஏரியைப் பார்த்தார். கோடை வீட்டில் இருப்பவரை அழைக்காமல் போய்ப் பார்ப்பது எங்களுக்குள் வழக்கமில்லை. திருட்டைக்கூட மன்னிப்போம், அதை மன்னிக்கமாட்டோம்.

"வேணாம்," என்றார். "ஆகஸ்ட்ல போ. என் சாவி எங்க ஓடிடப் போகுது. ஆமா, போய் என்னன்னு சொல்லுவ?"

தெரியவில்லை என்றேன். அம்மா என்றால் முதலில் சிர்க்குவைச் சிரிக்க வைத்திருப்பாள். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் திணறும்போது உண்மையைச் சொல்லியிருப்பாள், திட்டுவதற்கு அவருக்கு மூச்சு திரும்புவதற்குள் சாவியோடு வெளியே வந்திருப்பாள். எனக்கு அப்படிப் பேச வராது. நான் நடந்ததை நடந்த வரிசையில் சொல்வேன்.

ஆகஸ்டில் போகவேண்டும். முதல் வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.